கதவிடுக்கும் கவனமும்

அமெரிக்காவின் டெஸ்லா மின்சாரக் காரைப் பற்றிப் பேச்செடுத்தால், ஒரு சாரார் அதன் கதவுகள் சரியாகப் பொருந்தவில்லை என்று குறை சொல்லுகிறார்கள். மற்றொரு சாரார், கதவு கிடக்கட்டும், தானே வழி பார்த்துச் செல்லும் அதன் யந்திர மூளையை நம்பலாமா என்று கேட்கிறார்கள். இந்த இரண்டு குறைகளையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பதனால்தான் விவாதம் முடிவு காணாமல் சுற்றிச் சுற்றி வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கதவைப் பார்ப்போம். எந்தக் காரிலும் முன்கதவுக்கும் அதை அடுத்த தகட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடுக்கு உண்டு. விரல் நுனியை அதன்மேல் வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள்: செம்மையாகச் செய்த வண்டியில் அந்த இடுக்கு தலையிலும் அடியிலும் ஒரே அகலமாக இருக்கும், ஒரு தகடு மற்றதைவிடத் தூக்கிக்கொண்டு நகத்தில் இடறாது. 2017-ல் கலிபோர்னியாவிலுள்ள பிரீமாண்ட் தொழிற்சாலையில் மாடல் 3 என்ற காரைச் செய்யத் தொடங்கியவர்கள், சொன்ன எண்ணிக்கையை எட்டவேண்டும் என்ற அவசரத்தில், மறு வருஷமே வெளியில் ஒரு பெருங்கூடாரம் அடித்து அதற்குள்ளும் வண்டிகளைப் பூட்டினார்கள். கார்களைத் திருகாணி திருகாணியாகக் கழற்றி ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட மிச்சிகன் பொறியாளர் சாண்டி மன்றோ, அந்த நாளில் வந்த வண்டியின் தகட்டு வேலையைக் கடுமையாகக் கண்டித்தார். அதே வண்டியின் மின்னணுப் பலகைகளைக் கண்டபோது மனமாரப் பாராட்டினார். தகட்டை அழுத்தி வளைத்துப் பற்றவைக்கும் வித்தை, பழைய கம்பெனிகள் தலைமுறை தலைமுறையாகத் தவறு செய்து தவறு செய்து கற்றுக்கொண்ட வித்தை. அதைப் புதிதாக வந்தவர் ஒருவர் இரண்டொரு வருஷத்தில் கைவரப் பெறுவது சாத்தியமல்ல. பிற்காலத்திலும் இந்தக் குறை முற்றும் நீங்கிவிடவில்லை: 2025 மார்ச்சில், பசை விட்டு வெளித்தகடு கழன்று விழக்கூடும் என்பதற்காக 46,000-க்கும் மேற்பட்ட டெஸ்லா சைபர்டிரக் வண்டிகளைத் திரும்ப அழைக்கவேண்டி வந்தது.

ஆனால் கதவிடுக்கு என்பது வாங்குகிறவன் பகல் வெளிச்சத்தில், பணம் கொடுப்பதற்கு முன்னால், தன் கண்ணாலேயே காணக்கூடிய குறை. யந்திர மூளையின் குறையோ வேறு ஜாதி.

2016 மே 7-ஆம் தேதி, புளோரிடா மாநிலத்தில் வில்லிஸ்டன் என்ற ஊருக்கருகே, ஆட்டோபைலட் என்னும் துணைக்கருவி இயங்கிக்கொண்டிருந்த டெஸ்லாவின் மாடல் எஸ் கார் ஒன்று, பாதையின் குறுக்கே திரும்பிய லாரியின் பக்கவாட்டில் மோதி அதன் அடியில் புகுந்து சென்றது, ஓட்டியவர் மாண்டார். யந்திரமும் பிரேக் போடவில்லை, மனிதரும் போடவில்லை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது வெளிப்பட்ட ஒரு விவரத்தை என்னால் மறக்க முடியவில்லை: அந்தப் பிரயாணத்தில் கருவி இயங்கிய சுமார் 37 நிமிஷத்தில், அவர் கை ஸ்டியரிங்கின்மேல் இருந்ததாகக் கருவி உணர்ந்தது வெறும் 25 விநாடி.

அவரை அஜாக்கிரதைக்காரர் என்று தள்ளிவிடுவது எளிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பத்துத் தடவைக்கு ஒரு தடவை பிழை செய்யும் யந்திரத்தை எவரும் நம்பமாட்டார். கண்ணை எடுக்காமல் கவனித்துக்கொண்டே இருப்பார். ஆயிரம் தடவை சரியாகப் போய், ஆயிரத்தோராவது தடவை எச்சரிக்கையின்றிப் பிழை செய்யும் யந்திரமே மனித மனத்தைத் தூங்கச் செய்கிறது. அந்தப் பிழையும் இரு முகமுடையது. இல்லாத தடையைக் கண்டதாக எண்ணி நடுச்சாலையில் சட்டென்று பிரேக் போடுவது ஒன்று; இருக்கும் தடையைக் காணாமல் போவது மற்றொன்று. முதலாவதைக் குறைப்பதற்காக, பாலத்தையும் அறிவிப்புப் பலகையையும் கண்டு மிரளாதே என்று யந்திரத்துக்குக் கற்பித்தால், அசையாமல் நிற்கும் தீயணைப்பு வண்டியையும் அது அலட்சியம் செய்துவிடும் அபாயம் கூடவே வருகிறது.

யந்திரத்தின் குணத்தைத் தொலைவிலிருந்தே மாற்றிவிடலாம் என்பது உண்மை. 2018-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை பரிசோதித்த மாடல் 3, மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்துக்கொண்டது. சில நாட்களில், எந்த மெக்கானிக்கின் கையும் படாமல், கம்பியில்லாமல் வந்த மென்பொருள் மாற்றத்தினாலேயே அது 133 அடியாகக் குறைந்தது. இது பாராட்டத்தக்க சாதனை. ஓட்டுகிறவரின் கவனத்தைக் காப்பதற்கென்று 2023 டிசம்பரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு அனுப்பியதும் இத்தகைய மாற்றம்தான். ஆயினும் தூரத்திலிருந்து அனுப்பும் கட்டளையால் பிரேக்கைத் திருத்தலாம். ஓட்டுகிறவரின் நம்பிக்கையை அவ்வளவு சுலபமாகத் திருத்த இயலாது. அந்த நம்பிக்கை, கருவிக்கு இட்ட பெயரிலேயே வேர்விடுகிறது. ஆகவே, கருவி செய்கிறவர்கள் துணைக்குத் துணை என்றே பெயர் வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன். தானே முழுவதும் ஓட்டும் என்று பொருள்படும் ஃபுல் செல்ஃப் டிரைவிங் என்ற பெயரில் 2016 முதல் விற்கப்பட்ட வசதியோடு, மேற்பார்வை வேண்டும் என்பதைக் குறிக்கும் ஒற்றைச் சொல் சேர்ந்தது 2024-ல்தான்.