நரம்பில் 50 கோடி குமிழிகள்! தெரியுமா?

ஊசி போடுமுன் நர்ஸம்மா சிரிஞ்சைத் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் குமிழிகளை வேண்டுமென்றே நரம்பில் ஏற்றி ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இருக்கிறது, தெரியுமா?

ஒரே மில்லிலிட்டர் மருந்தில் 10 கோடி முதல் 50 கோடி குமிழிகள்! பயம் வேண்டாம். சராசரிக் குறுக்களவு 2.5 மைக்ரான்தான். சிவப்பணுவில் மூன்றில் ஒரு பங்கு! சிவப்பணு நுழையும் சந்துபொந்தெல்லாம் இதுவும் நுழைந்துவிடும்.

உள்ளே என்ன வாயு? சல்பர் ஹெக்சாபுளோரைடு! துணைமின் நிலையங்களில் தீப்பொறியை அடக்குகிற அதே வாயு. காற்றைவிட 5 மடங்கு கனம்! ரத்தத்தில் லேசில் கரையாது என்பதால்தான் இதற்கு இந்த வேலை. வேலை முடிந்ததும்? 2 நிமிடத்தில் 80 சதவீதத்துக்கு மேல் மூச்சோடு வெளியேறிவிடும்! சிறுநீரகத்துக்குச் சிரமமே இல்லை. கிட்னி கெட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

குடத்தில் தண்ணீர் நிரம்பும்போது எழும் 'களக் களக்' யார் குரல் தெரியுமா? குமிழிகளின் குரல்! 1933-ல் மின்னார்ட் என்ற விஞ்ஞானி அதற்குக் கணக்கே போட்டார். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 3,000 முறை அதிரும். நம் ஊசிக் குமிழியின் அளவுக்கு, ஆயிரம் மடங்கு சிறிதாக்குங்கள்… 30 லட்சம் முறை! ஸ்கேன் மெஷின் அனுப்பும் ஒலியும் கிட்டத்தட்ட அதே அளவுதான்! யாரும் திட்டமிடாத பொருத்தம் இது. எனக்கு இன்னும் சிலிர்க்கிறது!

இன்னொன்று! மிருதங்கத்தின் மேல் சுருதிகள் ஒன்றோடொன்று இசைவாக நிற்பதை 1920-ல் எழுதிக்காட்டினார் நம் திருவானைக்காவல் சி.வி.ராமன். இந்தக் குமிழியும் தன் சுருதியோடு இரட்டிப்புச் சுருதியையும் சேர்த்தே பாடும். சதை அவ்வளவாகப் பாடாது. மெஷின் அந்த மேல் சுருதியை மட்டும் பிரித்துக் கேட்கும். ரத்தம் பளிச்!

சரி, ரத்தம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று அளப்பது எப்படி? மணவூரில் ரயிலேறி ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போயிருக்கிறீர்களா? 365 படியும் காவடிக் கூட்டம்! நடுவில் பத்துப் படியை மட்டும் ஒரு நொடி காலி செய்துவிட்டால்? அது எத்தனை நொடியில் மறுபடி நிரம்புகிறதோ, அதை வைத்தே கூட்டத்தின் வேகத்தைச் சொல்லிவிடலாம்! ஸ்கேனிலும் இதே கதைதான். பலமான ஒலியை ஒரு கணம் அனுப்பினால் அந்த இடத்துக் குமிழிகள் அத்தனையும் படார்! புதுக் குமிழிகள் வந்து நிரம்பும் நேரத்தை வைத்து இதயத் தசையின் ரத்த ஓட்டத்தைக் கணக்கிடுவார்கள். 1998-ல் இதைச் செய்துகாட்டிய அமெரிக்கக் குழுவில் சஞ்சீவ் கவுல், ஜயவீர என்று நம் பக்கத்துப் பெயர்கள்!

இதெல்லாம் எப்படித் தொடங்கியது? தற்செயலாக! 1968-ல் கிராமியாக், பிரவின் ஷா என்ற இரு டாக்டர்கள் இதயத்தில் செலுத்திய திரவம் ஸ்கேனில் மேகம்போலத் தெரிந்தது. அந்த மேகம்? குட்டிக் குமிழிகள்!

கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது, தெரியுமா? முக்கால்வாசி, குடலைச் சுற்றி வரும் ரத்தம்! மீதி, தமனி வழியாக நேரே வரும் ரத்தம். கல்லீரல் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்தே வளரும். அதனால் குமிழி ஏறிய அரை நிமிடத்துக்குள் கட்டி முந்திக்கொண்டு பளபளக்கும், பிறகு முந்திக்கொண்டு மங்கும்! கத்தி இல்லை, கதிர்வீச்சு இல்லை, திரையிலேயே திருடன் சிக்கிவிடுகிறான்!

2015-ல் பாரிஸ் விஞ்ஞானிகள் குமிழிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து எலி மூளையின் ரத்தக்குழாய்களை வரைந்தார்கள். தலைமுடியைவிட மெல்லிய குழாய்கள்! 2021-ல் மனித மூளை! மண்டையைத் திறந்தா? இல்லவே இல்லை. நெற்றிப்பொட்டுப் பக்கத்து மெல்லிய எலும்பின் வழியாகவே!