முதல் கொலுசுக்கு ஜோடி எது?

வெள்ளிக் கொலுசை யாரும் ஒற்றையாக வாங்குவதில்லை. சேலம் அம்மாபேட்டை, செவ்வாய்பேட்டை பக்கத்துப் பட்டறைகளிலிருந்து வெளியூர் போகும் கொலுசுகளும் ஜோடி ஜோடியாகத்தான் போகின்றன. இரண்டு காலுக்கும் எடை ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். தொழில் தெரிந்தவர்கள் ஜோடியைப் பிரியவிடமாட்டார்கள். நம் கணக்குக்காகக் கொஞ்சம் கலைத்துப் போடுவோம்.

ஒரே டிசைன், ஒரே நீளத்தில் ஏழு ஒற்றைகள். எடை கிராமில்: 61, 59, 66, 58, 63, 60, 65. ஒரு கிராம் வரை வித்தியாசம் இருந்தால் ஜோடி சேர்க்கலாம். அதிகபட்சம் எத்தனை ஜோடி தேறும்?

கைக்கு வந்ததைக் கட்டினால் வம்பு. 59-ம் 60-ம் முதலில் கண்ணில் பட்டு, சேர்த்துவிட்டோம் என்றால் 58-க்கும் 61-க்கும் போக்கிடம் இல்லை. 63 எப்படியும் தனி. 65-ம் 66-ம் சேர, மொத்தம் 2 ஜோடி, 3 ஒற்றை.

இப்போது எடைவாரியாக அடுக்குவோம்: 58, 59, 60, 61, 63, 65, 66. இடது ஓரத்தின் முதல் இரண்டும் ஒத்துப்போனால் கட்டி எடுத்துவிட வேண்டும். போகாவிட்டால் முதலாவதை மட்டும் ஒதுக்க வேண்டும். பிறகு, மீந்ததின் ஓரம். 58-59 போயிற்று, 60-61 போயிற்று. 63-க்கு அடுத்தது 65. இரண்டு கிராம் இடிக்கிறது. 63-ஐ ஒதுக்கினால் 65-66. 3 ஜோடி! ஏழில் இதற்கு மேல் யாராலும் முடியாது.

எடுத்த முடிவைத் திரும்பிப் பார்க்காத இந்த வகை வழிகளுக்குக் கணினியியலில் ‘கிரீடி அல்காரிதம்’, அதாவது பேராசை வழிமுறை, என்று பெயர். அவசர முடிவு பெரும்பாலும் காலை வாரும். இங்கே ஏன் வாரவில்லை? ஆகக் குறைந்த எடைக்கு மிக அருகில் இருப்பது இரண்டாவதுதான். அதனோடே சேராதது வேறு எதனோடும் சேராது, ஒதுக்குவதில் நஷ்டமில்லை. சரி, சேர்கிறது, ஆனால் வேறொருவர் இரண்டையும் பிரித்து வேறு வேறு கொலுசுகளோடு கட்டியிருக்கிறார் என்று வையுங்கள். அந்த இரண்டு துணைகளும் இரண்டாவதின் எடைக்கும் அதைவிட ஒரு கிராம் கூடுதலான எடைக்கும் நடுவில்தான் இருக்க முடியும். அப்படியானால் அவை தங்களுக்குள்ளேயே ஜோடி சேரும். மாற்றிக் கட்டினாலும் எண்ணிக்கை குறையாது. நிரூபணம் இவ்வளவுதான்.

பேராசை எங்கே தொடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “மிக நெருங்கியதை முதலில் பிடி” என்பதும் பேராசைதான். கேட்க இதைவிட நியாயமாகவும் தோன்றும். 50, 53, 55, 58 என நான்கு கொலுசு. இம்முறை ஒரு கிராம் வரம்பு இல்லை. நான்கும் ஜோடி சேர வேண்டும், மொத்த வித்தியாசம் குறைவாக இருக்க வேண்டும். நெருங்கிய 53-ஐயும் 55-ஐயும் கட்டினால் மிஞ்சுவது 50-ம் 58-ம். மொத்தம் 10 கிராம். ஓரத்திலிருந்து வந்தால் 3-ம் 3-ம் சேர்ந்து 6.

எல்லா வழிகளையும் போட்டுப் பார்த்துவிடலாமே என்று தோன்றலாம். 10 கொலுசை ஜோடியாகப் பிரிக்க 945 வழிகள். 20 கொலுசுக்கு 65 கோடியே 47 லட்சத்துச் சொச்சம். அடுக்கிவிட்டால் ஒரே நடைதான். 1994-ல் கணினி வழிப் பங்கு வணிகத்தைத் தொடங்கிய தேசியப் பங்குச் சந்தையிலும் ஆர்டர்கள் விலைவாரியாக அடுக்கி நிற்கின்றன. அதிக விலைக்குக் கேட்பவரும் குறைந்த விலைக்குத் தருபவரும் முதலில் ஜோடி சேர்ந்து பட்டியலிலிருந்து நீங்குகிறார்கள்.

வரிசையில் நிறுத்த முடியாதவற்றிடம் இந்த வித்தை பலிக்காது. சிறுநீரகம் தர மனைவி தயார், கணவருக்குப் பொருந்தவில்லை. இன்னொரு குடும்பத்திலும் அதே சிக்கல். இரு குடும்பங்களும் கொடையாளரை மாற்றிக்கொள்ளலாம். ரத்த வகையும் திசுப் பொருத்தமும் கிராம்போல ஒரே கோட்டில் அடங்காததால், இங்கே ஓரம் என்று ஒன்று கிடையாது. முதலில் பொருந்திய இரு குடும்பங்களை அவசரமாகச் சேர்த்தால் அவர்களோடு மட்டுமே பொருந்தக்கூடிய வேறு இரண்டு குடும்பங்கள் அம்போ என்று நிற்கலாம். இத்தகைய கணக்குக்கு ஜாக் எட்மண்ட்ஸ் 1965-ல் வழி கண்டார். போட்ட ஜோடியைப் பிரித்து மாற்றிச் சேர்க்கும் வழி அது. பொருளாதார நோபல் பெற்ற ஆல்வின் ராத்தும் கூட்டாளிகளும் சிறுநீரக மாற்றுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். இந்தியாவில் இப்படிக் குடும்பங்கள் மாற்றிக்கொள்ள, உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011-ம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது.