ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

தீபாவளிக்குக் கோவில்பட்டி போயிருந்தபோது, இன்ஜினியரிங் முதலாண்டு படிக்கும் சித்தப்பா மகன் லேப்டாப்போடு வந்து நின்றான். "அண்ணே, கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுது."

293318625600 என்ற எண்ணுக்கு எத்தனை காரணிகள் என்று எண்ண, சி மொழியில் ப்ரோக்ராம் எழுதியிருந்தான். விடை 5040 வர வேண்டும். வரவில்லை.

அதென்ன எண்? 12 கடலைமிட்டாய் இருந்தால் 1, 2, 3, 4, 6, 12 பேருக்கு மீதமில்லாமல் பங்கு போடலாம். ஆறு காரணிகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சுவதை 'மிகு பகு எண்' என்கிறார்கள்.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1915-ல் இவற்றைப் பற்றி லண்டன் கணிதச் சங்க இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்ததும் இந்த ஆய்வுக்குத்தான். அதில் 6746328388800 வரை, நூற்றுக்கும் மேற்பட்ட மிகு பகு எண்களைப் பட்டியல் போட்டிருக்கிறார். எல்லாம் கைக்கணக்கு! அந்தப் பட்டியலில் விடுபட்டுப் போன எண்தான் நம் 293318625600. 4800 காரணிகள் கொண்ட 240940299600-க்கும், 5376 கொண்ட 321253732800-க்கும் நடுவில் இருக்க வேண்டியது.

இதைப் பிரித்துப் பாருங்கள். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2 = 5040. வேடிக்கை என்னவென்றால், விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வந்துவிடுகிறது! அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது.

சரி, தம்பியின் ப்ரோக்ராமுக்கு வருவோம். எண்ணை int-ல் வைத்திருந்தான். 32 பிட் int-ல் 2147483647-க்கு மேல் கொள்ளாது. மேல் பிட்கள் வெட்டுப்பட்டு 1260849472 என்று ஆகிவிட்டது. கம்பைலர் எச்சரித்திருக்கிறது, பையன் படிக்கவில்லை. (நானும் அந்த வயதில் படித்ததில்லை.)

long long என்று மாற்றினான். அப்போதும் சரியாகவில்லை. லூப்பில் i*i<=n என்று எழுதிவிட்டு i-யை int-ஆகவே விட்டிருந்தான். i 46341 ஆனதுமே i*i எல்லை தாண்டிவிடும். இங்கே லூப் 541588 வரை போக வேண்டும். அதையும் long long ஆக்கி, கிடைக்கும் ஒவ்வொரு காரணிக்கும் அதன் ஜோடியையும் சேர்த்து இரண்டாக எண்ணியதும் கண்ணிமைக்கும் நேரத்தில் 5040 வந்தது.

சி தெரியாதவர்கள் எக்செல்லில் முயலலாம். 2.93319E+11 என்று சுருக்கிக் காட்டினால் பயப்பட வேண்டாம். செல்லின் ஃபார்மட்டை Number என்று மாற்றினால் முழு எண்ணும் தெரியும். எக்செல் 15 இலக்கம் வரை துல்லியமாக வைத்திருக்கும், இதில் 12-தான்.

தம்பி அதற்குள் 23-ஆல் பெருக்கி ஓட்டிக்கொண்டிருந்தான். திரையில் 10080.