படிப்பதிலும் உண்டு ஆபத்து

ஒரு புரோகிராம் கேட்கும் முகவரி மெமரியில் உண்மையில் எங்கே இருக்கிறது என்று சொல்வது பக்க அட்டவணை. 64 பிட் இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் அதன் ஒவ்வொரு பதிவும் 8 பைட். பக்கம் எனப்படும் தரவுத் துண்டின் இருப்பிடம், அது மெமரியில் இருக்கிறதா, அதில் எழுதலாமா என்பதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மாற்றி எழுதுபவர்தான் கவனமாக இருக்க வேண்டும், படிப்பவருக்கு என்ன என்று தோன்றலாம். அப்படி விட்டுவிட முடியாது என்பதற்கு லினக்ஸ் கெர்னலே சாட்சி.

1995-இல் வந்த பென்டியம் புரோ, 32 பிட் பிராசசராக இருந்துகொண்டே 64 ஜிபி வரை மெமரியைத் தொட வழிசெய்தது. அதற்காகப் பதிவு 64 பிட்டாக வளர்ந்தது. ஆனால் சாதாரண வாசிப்பு ஒரு முறைக்கு 32 பிட்தான். கீழ்ப்பாதியைப் படித்து மேற்பாதிக்குப் போவதற்குள் இன்னொரு கோர் பதிவை மாற்றிவிட்டால், பழையதும் புதியதும் ஒட்டிய, எப்போதுமே இருந்திராத ஒரு முகவரி கிடைக்கும். எனவே கெர்னல் கீழ்ப்பாதி, மேற்பாதி, மறுபடி கீழ்ப்பாதி என்று படிக்கிறது. கீழ்ப்பாதி மாறியிருந்தால் முதலிலிருந்து தொடங்குகிறது. இடையில் பதிவு நீக்கப்பட்டு, அதே கீழ்ப்பாதியோடு வேறொரு பக்கம் அங்கே வந்து உட்கார்ந்தால்? அதற்கும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. படிக்கும் கோர் அந்நேரம் இன்டரப்டை நிறுத்தி வைத்திருக்கும். பதிவை நீக்கியவர், பழைய முகவரியை மறக்கச் சொல்லி மற்ற கோர்களுக்கு இன்டரப்ட் அனுப்பி, பதில் வந்த பிறகே புதியதை வைக்க முடியும்.

இத்தனை சுற்று எதற்கு, லாக் போட்டால் போதாதா என்று கேட்கலாம். பல திரெட்கள் ஒரே லாக்குக்காகக் காத்துக் கிடந்தால் வேகம் விழும். அதைவிட முக்கியம், பிராசசரின் ஹார்டுவேர் கெர்னலின் லாக்கை மதிப்பதில்லை. பக்கம் தொடப்பட்டது, எழுதப்பட்டது என்ற குறிகளைத் தானே பதிவில் போட்டுவிடும். சரி, 64 பிட் பிராசசர் முழுப் பதிவையும் ஒரே மூச்சில் படிக்குமே என்றால், அங்கே கம்பைலர் குறுக்கே வரலாம். நாம் ஒருமுறை படிக்கச் சொன்னதை அது இருமுறை படிக்கும் கட்டளையாக்கி, இடையில் பதிவும் நீக்கப்பட்டுவிட்டால், ‘பக்கம் இருக்கிறது’ என்று முதல் வாசிப்பில் உறுதிசெய்துவிட்டு, இரண்டாவதில் கிடைத்த வெறும் பூஜ்யத்தை முகவரியாக எடுத்துக்கொள்ள நேரும். ஒரே முறைதான் படிக்க வேண்டும் என்று கம்பைலரைக் கட்டிப்போடவே ‘ரீட் ஒன்ஸ்’ என்ற மேக்ரோ இருக்கிறது.

அப்படி எடுத்த நகலும் அந்தக் கணத்துக்கு மட்டுமே உண்மை. அதனால் லாக் இல்லாத வேகப் பாதையில் கெர்னல் பக்கத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு பதிவை மீண்டும் பார்க்கிறது. மாறியிருந்தால் பிடியை விட்டு, லாக் போடும் மெதுவான பாதைக்குப் போகிறது. மாற்றத்தைத் தடுப்பதைவிட, மாறியதைத் தவறாமல் கண்டுகொள்வது மலிவு என்பதே இந்த வடிவமைப்பின் கணக்கு.