மலைக்காட்டில் பாதை வகுத்தல்

கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியாவுக்கு அண்மையில் கூடுகின்ற கிள்ளான், கோம்பாக் ஆகிய இரண்டு ஆறுகளும் நகருக்கு வடகிழக்கேயுள்ள மலைக்காடுகளில் பிறப்பவை. அக்காடுகளில் ஒரு பாதையைத் தகாத இடத்தில் வெட்டினால், கரைந்த மண் நகரத்து ஆற்றுக்கே வந்து சேரும். மண்ணோடு போவதும் இல்லை. 1995 ஜூன் 30ஆம் நாள் கெந்திங் செம்பா அருகே ஓர் ஓடையின் வழியே மண்ணும் பாறையும் மரமுமாக இறங்கிய வெள்ளம், நெடுஞ்சாலையின் கிளைப்பாதையில் இருந்த ஊர்திகளைத் தாக்கி 20 பேரின் உயிரைப் பறித்தது. ஓடையைப் பாதை எங்கே கடக்கிறது என்பது சிறிய கேள்வியன்று.

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு நீரோட்டம், வழி என இரு பொருளும் உண்டு. வடிகால் சரியாக அமையாத காட்டுப்பாதையில் அவ்விரு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. மழைநீர் அதனையே ஆறாகக் கொண்டு ஓடும்.

முற்காலத்தில் பாதையை வகுத்தவர்க்குத் துணை நின்றவை நிலப்படமும் கவராயமும் ஆகும். பாதை 100 மீட்டர் தொலைவுக்கு 10 மீட்டருக்கு மேல் ஏறலாகாது என்று கொள்வோம். சமவுயரக் கோடுகள் 20 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்றாக வரையப்பட்டிருந்தால், ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குச் செல்ல 200 மீட்டர் நீளம் வேண்டும். 50,000இல் ஒரு பங்கு அளவுள்ள படத்தில் அது 4 மில்லிமீட்டர். கவராயத்தின் கால்களை அந்த அளவுக்கு விரித்துக் கோட்டுக்குக் கோடு நடத்திச் சென்றால் பாதை தோன்றும்.

கணிப்பொறி செய்வதும் ஏறத்தாழ இதுவே. மலை முழுவதையும் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் எண்ணாகப் பதிந்துகொள்கிறது. செங்குத்தான சரிவு, ஓடைக்கரை, பாலம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ‘செலவு’ ஏற்றி, மொத்தச் செலவு மிகக் குறைந்த வழியைத் தேடித் தருகிறது. கவராயம் பிடித்தவர் ஒரு நாளில் இரண்டு மூன்று வழிகளைப் பார்த்தால், இது நூற்றுக்கணக்கானவற்றை ஒப்பிட்டுவிடும்.

ஆனால் அந்த எண்கள் எதன் உயரம்? இங்கேதான் வெப்பமண்டலக் காடு ஏமாற்றுகிறது. 2000 பிப்ரவரியில் விண்ணோடம் ஒன்று 11 நாட்களில் உலகின் பெரும்பகுதியை ரேடார் கொண்டு அளந்தது. அடர்காட்டில் அதன் அலைகள் பெரும்பாலும் தழைப்பரப்பிலேயே பட்டுத் திரும்பின. சபாவின் டானும் பள்ளத்தாக்கில் 100 மீட்டரை எட்டிய மரமே உண்டு. பள்ளத்தில் மரம் உயர்ந்தும் மேட்டில் குட்டையாகவும் நின்றால், படத்தில் பள்ளமே மறைந்துபோகும். கணிப்பொறி சற்றும் தயங்காமல் அதன்மேல் பாதை போட்டுவிடும்!

இக்குறையைப் பெரிதும் போக்குவது வானூர்தியிலிருந்து லேசர் ஒளியைத் துடிப்புகளாகச் செலுத்தும் லைடார் முறை. இலைகளின் இடுக்கில் நுழையும் சில துடிப்புகள் தரையைத் தொட்டுத் திரும்புகின்றன. மரத்தில் பட்டவற்றை நீக்கினால் மண்ணின் உருவம் கிடைக்கும். பழைய சரிவுகளின் தழும்புகளும் அதில் புலப்படும்.

எனினும், மண் இறுகியதா, உதிர்வதா என்பதும், சுனை எங்கே கசிகிறது என்பதும் அந்தப் படத்தில் முழுமையாகத் தெரிவதில்லை. ஆகவே, முளை அறைவதற்கு முன் அளவையாளர் சரிவுமானியுடன் அக்கோட்டின் வழியே நடந்து பார்க்கிறார். ஈரமான இடம் கண்டால் கோட்டை மேலே தள்ளி வைக்கிறார்.