ஹோமில் சேர்த்த பிள்ளைக்கு என்னென்ன உரிமை?

கணவனை இழந்து, பீடி சுற்றியோ சித்தாள் வேலை பார்த்தோ பிள்ளைகளை வளர்க்கிற தாய்க்கு ஊரில் யாராவது சொல்லும் முதல் யோசனை இதுதான்: "பிள்ளைய ஹோம்ல சேத்துரு. மூணு வேளை சாப்பாடு, படிப்பு, துணிமணி எல்லாம் அவங்களே பாத்துக்கிடுவாங்க." பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கத்துக் கிறிஸ்தவ இல்லங்களின் வாசலில் இப்படிப்பட்ட தாய்மாரைப் பார்க்கலாம். ஒரு கையில் டி.சி.யும் இறப்புச் சான்றிதழும் வைத்த பிளாஸ்டிக் பை, மறுகையில் பிள்ளை. உள்ளே ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டும் இல்லங்கள் உண்டு, காட்டாத இல்லங்களும் உண்டு. அந்தத் தாய்க்காகவும், அதே இல்லத்துக்கு மாதாமாதம் காணிக்கை கொடுக்கும் சபை மக்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கிறிஸ்தவ இல்லங்கள் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 1901-இல் ஏமி கார்மைக்கேல் டோனாவூரில் பெண்பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுக்கத் தொடங்கினார். மிஷன் போர்டிங்கில் படித்து ஆசிரியராக, நர்ஸாக ஆன பாட்டிமார் தென்மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால் இரக்கத்தோடு நடத்தப்படும் இடம் என்பதற்காகச் சட்டம் அதன் வாசலுக்கு வெளியே நின்றுவிட வேண்டியதில்லை. மாமல்லபுரம் பக்கத்து இல்லங்களில் பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதாக 2007-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு கடிதம் பொதுநல வழக்காக மாறியது. நாடு முழுவதும் உள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களையும் பதிவு செய்து கண்காணிக்க வேண்டும் என்று 2017 மே மாதம் வந்த தீர்ப்பு, நம் மண்ணில் தொடங்கிய அந்த வழக்கில் வந்ததுதான்.

முதலில் பதிவு. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015-இன் 41-ஆவது பிரிவின்படி, அரசு நடத்தினாலும் சபை நடத்தினாலும், அரசு மானியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஆதரவற்ற பிள்ளைகளை வைத்திருக்கும் எந்த இல்லமும் பதிவு பெற்றாக வேண்டும். பதிவு 5 ஆண்டுகள் செல்லும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். டிரஸ்ட் பதிவுச் சான்றிதழைக் காட்டி "ரிஜிஸ்டர் பண்ணியிருக்கோம்" என்பார்கள். அது வேறு, இது வேறு. "ஹாஸ்டல்" என்று பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டாலும் தப்ப முடியாது. பெண்கள் மற்றும் குழந்தைகள் விடுதிகளுக்கென்றே 2014-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு, என்றுவரை செல்லும் என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல இல்லம் அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியே வைத்திருக்கும்.

அடுத்தது பலருக்கும் தெரியாத விஷயம். பிள்ளையை ஹோமில் வைக்க முடிவு செய்யும் அதிகாரம் பாஸ்டருக்கோ சிஸ்டருக்கோ வார்டனுக்கோ கிடையாது. அது குழந்தைகள் நலக் குழுவுக்கு உரியது. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழு மாவட்டந்தோறும் உண்டு. உறுப்பினர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஆதரவு தேவைப்படும் பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இந்தக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். குழு வீட்டு நிலவரத்தை விசாரிக்கச் சொல்லி, 4 மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். பிள்ளை இல்லத்தில் தங்குவதற்கு எழுத்தில் ஆணை இருக்க வேண்டும். அதன் நகல் தாயிடமும் இருப்பது நல்லது.

கையெழுத்துப் போடும் இடத்தில் ஒன்றை மட்டும் கவனமாகப் பிரித்துப் பாருங்கள். பிள்ளையைச் சில காலம் பராமரிப்பில் விடுவது ஒன்று. பிள்ளையை முற்றாக ஒப்படைத்துவிடுவது இன்னொன்று. ஒப்படைப்புப் பத்திரம் குழந்தைகள் நலக் குழுவின் முன்னிலையில்தான் எழுதப்பட வேண்டும். மனம் மாறித் திரும்பக் கேட்கப் பெற்றோருக்கு 2 மாத அவகாசம் உண்டு. அது கடந்தால் பிள்ளை தத்துக்குச் சட்டப்படி தகுதியானதாக அறிவிக்கப்படலாம். இல்லத்து அலுவலகத்திலேயே முத்திரைத்தாளை நீட்டி "இனிமே உரிமை கோர மாட்டேன்" என்று எழுதி வாங்கினால் அதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. வெற்றுத்தாளில் கையெழுத்தோ ரேகையோ ஒருபோதும் வைக்காதீர்கள்.

உள்ளே பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது? விடியுமுன் மணி, காலை ஜெபம், குளியலுக்கு வரிசை, தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு வரிசை, பள்ளி, மாலையில் விளையாட்டு, ஸ்டடி, இரவு ஜெபம், பாய். ஒழுங்கு பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் வரிசையின் நீளத்தையும் விதி வரையறுத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் 7 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை, 10 பிள்ளைகளுக்கு ஒரு குளியலறை, 25 பிள்ளைகள் படுக்க ஆயிரம் சதுர அடி அறை என்று சொல்கின்றன. இல்லத்துக்குப் போகும் சபையார் ஹாலில் உட்கார்ந்து பாட்டு மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாமல், கழிப்பறைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு வரலாம்.

பிள்ளைகளுக்கென்று 6-10, 11-15, 16-18 என வயதுவாரியாகக் குழுக்கள் இருக்க வேண்டும். பூட்டிய ஆலோசனைப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். அதை வாரம் ஒருமுறை திறக்க வேண்டும். திறப்பவர் இல்லத்துப் பணியாளர் அல்லர். மேலாண்மைக் குழுவின் தலைவரோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வருபவரோ, பிள்ளைகளின் குழு முன்னிலையில் திறக்க வேண்டும். பெட்டியின் சாவி வார்டன் இடுப்பில் தொங்கினால் எந்தப் பிள்ளை எழுதிப்போடும்?

பெற்றோர் மாதம் ஒருமுறையாவது பிள்ளையைப் பார்க்கலாம். "அடிக்கடி வந்தா பிள்ளை மனசு கெட்டுரும்" என்று திருப்பி அனுப்புவது தவறு. பண்டிகைக்கோ வீட்டுத் துக்கத்துக்கோ குழந்தைகள் நலக் குழுவிடம் அனுமதி வாங்கிப் பிள்ளையை அழைத்துப் போகலாம். சாதாரணமாக 7 நாள் வரை விடுப்பு கிடைக்கும்.

பிள்ளையின் முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. ஆண்டறிக்கைகளில் நாம் வழக்கமாகப் பார்ப்பது பத்தாம் வகுப்பு மதிப்பெண், மனப்பாட வசனப் போட்டிப் பரிசு, கிறிஸ்துமஸ் நாடகப் படம். சட்டம் வேறொன்றைக் கேட்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் என்று ஒரு கோப்பு வேண்டும். உடல்நலம், மனநிலை, படிப்பு, நட்பு, பிள்ளை எதற்குப் பயப்படுகிறது, எதை எதிர்பார்க்கிறது, குடும்பத்தோடு உறவு எப்படி, எப்போது வீடு திரும்ப முடியும் என எல்லாம் அதில் இருக்க வேண்டும். முதல் 3 மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு மாதம் ஒருமுறையும் முன்னேற்ற அறிக்கை எழுத வேண்டும். இரவில் படுக்கையை நனைக்கிற எட்டு வயதுப் பையனைப் பற்றி அந்தக் கோப்பில் "மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லப்பட்டான்" என்று இருக்கிறதா, அல்லது பாயை வெயிலில் போட்டு எல்லாப் பிள்ளைகள் முன்னும் நிற்க வைத்தார்களா என்பதில் அந்த இல்லத்தின் தரம் தெரிந்துவிடும். பிள்ளைகள் இல்லத்தில் உடல் தண்டனை 82-ஆவது பிரிவின்படி குற்றம்.

மதம் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. 1992-இல் இந்தியா ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, குடும்பத்தைப் பிரிந்து வாழும் பிள்ளையின் மத, மொழி, பண்பாட்டுப் பின்னணி தொடர்வதை மதிக்கச் சொல்கிறது. பராமரிப்பில் இருக்கும் பிள்ளையை மதம் மாறும்படி தூண்டக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் ஐ.நா. வழிகாட்டுதல்கள் நேரடியாகவே சொல்கின்றன. ஜெபத்தில் உட்காராத பிள்ளைக்குச் சாப்பாடு தாமதமாவது எந்த வேதத்துக்கும் அடுக்காது. இதில் காகித ஆபத்தும் ஒன்று இருக்கிறது. இந்து ஆதிதிராவிடத் தாயின் பிள்ளையை, ஹோமில் இருக்கிறது என்பதற்காகப் பள்ளிப் பதிவேட்டில் "கிறிஸ்தவர்" என்று எழுதிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கே பட்டியல் சாதித் தகுதி. தமிழ்நாட்டில் மதம் மாறியவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். ஒரு எழுத்தரின் பேனா பிள்ளையின் இடஒதுக்கீட்டுப் பிரிவையே சிக்கலாக்கிவிடும். பள்ளிச் சேர்க்கையின்போதே பதிவைப் பார்த்துச் சரிசெய்துவிடுங்கள்.

அதே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நன்மை ஒன்றும் உண்டு. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாருமில்லாமல், அரசு அங்கீகாரம் பெற்ற இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட பிள்ளை தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோராகக் கருதப்படும். இல்லத்துக்கு அங்கீகாரம் இல்லையென்றால் பிள்ளைக்கு இந்த உரிமை கைநழுவிப் போகலாம்.

இனி சபையாருக்கு. பிறந்தநாளுக்கு ஹோமில் பிரியாணி போடுகிறோம், கேக் வெட்டுகிறோம், பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். கீழே பிள்ளையின் பெயர், ஊர், "தகப்பன் குடிகாரன், தாய் ஓடிப்போனாள்" என்ற கதை. பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தையோ படத்தையோ வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். நாளை அந்தப் பெண் கல்லூரிக்குப் போகும்போதும் அந்தப் படம் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். "அன்புள்ள ஸ்பான்சர் அங்கிள்" என்று கரும்பலகையைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் ஒரே கடிதத்தை எழுதும் மதியங்களையும் நிறுத்தலாம். நன்றி சொல்லிச் சொல்லியே வளர்கிற பிள்ளை, தனக்கு நடக்கும் தப்பை வாய் திறந்து சொல்லத் தயங்கும்.

அப்படிச் சொல்ல முடியாமல் போவதுதான் பெரிய ஆபத்து. பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் போலீஸுக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி எல்லோருக்கும் கடமை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பராமரிப்பு இடத்தின் நிர்வாகியோ ஊழியரோ பிள்ளையைப் பாலியல் வல்லுறவுக்கு ஆளாக்கினால் குறைந்தது 20 ஆண்டு சிறை. "சபைப் பேரு கெட்டுரும்" என்று கமிட்டியில் பேசி முடிப்பது சமாதானம் ஆகாது, அது குற்றத்தை மறைப்பது.

புகாருக்கு முதல் வழி 1098. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். அடுத்து குழந்தைகள் நலக் குழு. குழுவே கவனிக்கவில்லை என்றால் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம், குழுவின் மேல் வரும் குறைகளைத் தீர்க்கும் அதிகாரம் சட்டப்படி அவருக்கு உண்டு. குழுவின் ஆணை பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இத்தனையும் எழுதிய பிறகும், ஹோம் வாசலுக்கு வரும் தாயிடம் முதலில் சொல்ல வேண்டியது வேறொன்று. 2018-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு 9,589 இல்லங்களைக் கணக்கெடுத்தது. அங்கிருந்த பிள்ளைகளில் தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர்கள் ஏறத்தாழ ஒன்பதில் ஒருவர்தான். ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்குத் தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் இருந்தார். வறுமையால்தான் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டை விட்டு வருகிறார்கள். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவே சொல்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவுத் திட்டத்தில், பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்க மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள்ளும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். விதவைத் தாய்மாரின் பிள்ளைகளுக்கும் இது உண்டு. ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே பெரும்பாலும் இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுக்கலாம். 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். ஒரு பாஸ்டர் இந்த விண்ணப்பத்தை நிரப்பித் தந்து, தாயையும் பிள்ளையையும் ஊருக்கே திருப்பி அனுப்பினால், அதைவிடப் பெரிய ஊழியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வெளிநாட்டுப் பணத்தையே நம்பிய பிள்ளைகளின் நிலையையும் பார்த்தோம். அமெரிக்கக் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனமான கம்பாஷன் இன்டர்நேஷனல் 2017 மார்ச்சில் இந்தியாவில் வேலையை நிறுத்தியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் உதவி நின்றது. வீட்டோடு இருந்த பிள்ளைக்குப் பணம்தான் போயிற்று. ஹோமில் இருக்கிற பிள்ளைக்கு அப்படி நேர்ந்தால் இடமே போய்விடும்.

கடைசியாக 18 வயது. அன்றைக்கு டிரங்குப் பெட்டியோடு வெளியே அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. வெளியேறுவதற்கு 2 மாதம் முன்பே பிற்காப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும். 21 வயது வரை, தவிர்க்க முடியாத நிலையில் 23 வரை, தங்கவும் படிக்கவும் தொழில் கற்கவும் உதவி உண்டு. அதற்கும் மாதம் 4,000 ரூபாய். பதினேழு முடிந்த பிள்ளை உங்கள் இல்லத்தில் இருந்தால் இந்த வாரமே நன்னடத்தை அலுவலரிடம் விண்ணப்பம் கேளுங்கள். ஆதார், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம், இல்லத்தில் தங்கியிருந்ததற்கான குழந்தைகள் நலக் குழு ஆணை ஆகிய ஆறும் அசலாகப் பிள்ளையின் கைக்கு வந்து சேர வேண்டும்.