கேழ்வரகு மாவின் மெய்ம்மையறிதலில் வேதிக்கூற்றாய்வு

பாப்பாரப்பட்டி அமைந்துள்ள தருமபுரி மாவட்டம் கேழ்வரகு விளையும் பகுதியாகும். 2023 முதல் இம்மாவட்ட நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கப்படுகிறது. தானியத்தில் உள்ள கலப்பைக் கண்ணால் அறியலாம். மாவில் உள்ள கலப்பை அறிய ஆய்வகம் தேவைப்படுகிறது.

கேழ்வரகு சி4 வகைத் தாவரம். நெல், கோதுமை ஆகியன சி3 வகையின. ஒளிச்சேர்க்கை முறை வேறுபடுவதால் இவற்றின் கார்பன்-13 விகிதமும் வேறுபடும். பன்னாட்டுத் தர அளவோடு ஒப்பிட, இம்மதிப்பு கேழ்வரகில் ஆயிரத்திற்கு ஏறத்தாழ −13, கோதுமையில் −27. கேழ்வரகு மாவில் 30 விழுக்காடு மைதா கலப்பின், அது −17 அளவிற்கு இறங்கும்.

எனினும் மக்காச்சோளமும் சி4 வகையே. அதன் கலப்பை இச்சோதனை காட்டாது. அவ்விடத்துக் கால்சியம் துணைநிற்கிறது: 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி., மக்காச்சோளத்தில் 10 மி.கி. அளவே. ஆதலின் ஒற்றைக் குறியீட்டைக் காட்டிலும் வேதிக்கூறுகளின் தொகுப்பே உணவின் மெய்ம்மைக்கு உரிய சான்றாகும்.